கல்லில் ஏற எதற்குக் காசு, யாரிடம் கொடுப்பது?

கேள்வி இதுதான். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர், செயற்கைச் சுவரில் ஓராண்டு ஏறிப் பழகிவிட்டார்கள். இனி வெளியே, நிஜக் கல்லில் ஏற வேண்டும். விசாரித்தால் ஓரிடத்தில் வனத்துறை டிக்கெட் என்கிறார்கள். இன்னோரிடத்தில் ஊர்க்காரர்கள் தலைக்கு 100 ரூபாய் கேட்கிறார்கள். ஒரு வழிகாட்டி 'அனுமதிக் கட்டணம்' உட்பட என்று மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். “மலை என்ன இவங்க கட்டினதா? எதுக்குக் காசு?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கோபம் நியாயமானது. வடசென்னையில் கால்பந்து வளர்ந்ததே காசு கேட்காத திடல்களில்தான். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் வசம் விட்டு, தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றது. அதைப் பார்த்தவர்களுக்கு, மலையடியில் நீளும் கையெல்லாம் ஒரே கையாகத்தான் தெரியும். ஆனால் திடல் வரிப்பணத்தில் போட்டது, அதைப் பார்த்துக்கொள்ள மாநகராட்சி இருக்கிறது. பாறைக்கு அப்படி ஒரு பொறுப்பாளர் கிடையாது. நடந்துபோக வரப்பை விட்டுக்கொடுப்பவர் ஒரு விவசாயி, காட்டைக் காப்பவர் வனக்காப்பாளர், கயிற்றை மாட்டக் கல்லில் பதித்திருக்கும் போல்ட் துருப்பிடித்தால் அதை மாற்றுபவர் உங்களைப் போல் ஏறுகிற ஒருவர். கேட்கிற காசு இந்தச் சுமையைத் தூக்குகிறவர் கைக்குப் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். போனால் மனமாரக் கொடுங்கள். போகவில்லை என்றால் நின்று கேளுங்கள்.

யார் கை என்று தெரிய, நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும். இந்த வேலை வீட்டில் உட்கார்ந்தே முடிகிற வேலை. பாறை தமிழ்நாட்டுக்குள் இருந்தால், அரசின் தமிழ்நிலம் இணைய வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டால் வட்டம், கிராமம், புல எண் (சர்வே எண்) தெரியும். அந்த எண்ணைக் கொண்டு நில ஆவண இணையச் சேவையில் பட்டா, சிட்டா பாருங்கள். பட்டா இல்லையென்றால் அ-பதிவேடு எடுங்கள். மலை, கல்லாங்குத்து, மேய்க்கால் என்று எந்த வகைப் புறம்போக்கு என்பது அதில் இருக்கும். புரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணோடு போங்கள். “அந்த மொட்டைப் பாறை” என்று கேட்டால் கிடைக்காத பதில், எண்ணைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.

இதில் பலரும் தவறுவது ஓரிடத்தில். பாறையின் எண்ணை மட்டும் பார்ப்பார்கள், போகிற வழியின் எண்ணைப் பார்க்க மாட்டார்கள். அடிவாரம் பட்டா நிலமாகவும், மேலே நிற்கும் கல் காப்புக்காடாகவும் இருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். வழி ஒருவருடையது, கல் இன்னொருவருடையது. கல்லுக்கு அனுமதி வாங்கிவிட்டு வேர்க்கடலைக் கொல்லையை மிதித்துக்கொண்டு போனால், சண்டை வருவது கொல்லைக்காரரிடமிருந்துதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குக் கிட்டே இருக்கும் மலைகள் ஆந்திராவில் இருக்கின்றன. கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ சூலூர்பேட்டை வண்டி ஏறித் தடாவில் இறங்கினால் உப்பலமடுகு, கம்பாக்கம் காடு. ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் நாகலாபுரம். இரண்டும் 2022 முதல் திருப்பதி மாவட்டம். தமிழ்நாட்டு வனத்துறையிடம் வாங்கிய எந்த அனுமதிக்கும் அங்கே மதிப்பில்லை. அருவி பார்க்கக் கொடுக்கும் சீட்டை வைத்துக்கொண்டு கயிறு கட்டவும் முடியாது.

சீட்டு வேறு, ஏறுவதற்கான அனுமதி வேறு என்பது எல்லா வனப்பகுதிக்கும் பொருந்தும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் அதே ஆண்டு தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். நல்ல ஏற்பாடு. ஆனால் அது குறிப்பிட்ட பாதையில், குறிப்பிட்ட நாளில் நடப்பதற்கான கட்டணம். பாதையை விட்டு விலகிப் பாறைமுகத்தில் கயிறு போட, மாவட்ட வன அலுவலருக்குத் தனியாக எழுதி அனுமதி வாங்க வேண்டும். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். உள்ளே நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குக் கட்டணமும் நிபந்தனையும் சட்டப்படி உண்டு. வாசலில் இருப்பவர் “போங்க தம்பி” என்று விட்டுவிட்டாலும், உள்ளே ரோந்து வரும் வனவர் கயிற்றையும் இடுப்பில் மாட்டும் ஹார்னஸையும் பிடுங்கி வைத்தால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

ஆகவே ரசீதைப் படியுங்கள். துறையின் பெயர், வரிசை எண், தேதி, இடம், எத்தனை பேர், எதற்காக என்ற ஆறும் இருக்க வேண்டும். ‘எதற்காக’ என்ற இடத்தில் ‘நுழைவு’ என்று மட்டும் இருந்தால் அது நுழைவுக்குத்தான். ரசீது தராமல் காசு மட்டும் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அப்படிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாலும் சட்டத்தின் பார்வையில் அத்துமீறி நுழைந்தவர் நீங்கள்தான். அதோடு 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்குத்தான் விலக்கு. பாறையடியில் நின்று வாக்குவாதம் செய்து பயனில்லை. நாள், நேரம், இடம் குறித்துக்கொண்டு லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதுங்கள்.

தொல்லியல் துறை இடங்களில் குழப்பமே வேண்டாம், ஏறக் கூடாது. மாமல்லபுரத்தில் 40 ரூபாய் கொடுத்து வாங்கும் சீட்டு பார்ப்பதற்கு. சுற்றியிருக்கும் கற்களில் விரல் வைத்து ஏறிப் பழகலாம் என்று நினைப்பவர்கள், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அறிவிப்புப் பலகை இல்லாத பாறையிலும் கவனம் தேவை. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. மதுரைப் பக்கக் குன்றுகளில் சமணர் படுகைகளும் தமிழிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. நல்ல பிடி கிடைக்கும் குகை விளிம்பில்தான் எழுத்தும் இருக்கும். வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடர் பட்ட கை அதன் மேல் விழுந்தால் எந்தக் கட்டணத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஹூயெகோ டாங்க்ஸ் என்ற இடம் கயிறில்லாமல் தாழ்வான பாறைகளில் ஏறும் போல்டரிங்குக்கு உலகப் புகழ் பெற்றது. அங்கேயும் பழைய பாறை ஓவியங்கள். கட்டணம் வாங்குவதோடு நிறுத்தாமல், வழிகாட்டி இல்லாமல் போகக்கூடிய ஒரே பகுதிக்குள் ஒரு நேரத்தில் 70 பேருக்கு மேல் விடுவதில்லை. மற்ற பகுதிகளுக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஓவியத்தைக் காப்பது அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடுதான்.

கர்நாடகத்தின் ராமநகரத்திலும் இதே கதைதான், ஓவியத்துக்குப் பதில் பறவை. பெங்களூரு போகும் நம் பிள்ளைகள் தேடிப் போகும் கருங்கல் குன்றுகள் அங்கே நிறைய. அவற்றில் ராமதேவர பெட்டா 2012-இல் பாறுக் கழுகுச் சரணாலயமானது. உயர்ந்த பாறைமுகத்தின் திட்டில்தான் பாறு கூடு வைக்கும். ஆள் கிட்டே போனால் கூட்டை விட்டுப் பறந்துவிடும், முட்டை வெயிலில் கெடும். அங்கே படியேறிக் கோயிலுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. கூடிருக்கும் சுவரில் என்ன விலை கொடுத்தாலும் ஏற முடியாது.

இனி ஊர்க்காரர்கள் கேட்கும் 100 ரூபாய். இதில்தான் அதிகச் சண்டை நடக்கிறது. என் எண்ணத்தில் பெரும்பாலும் கொடுக்கத் தகுந்த காசும் இதுதான். தமிழ்நாட்டுக் கிராமத்தில், துளைபோடும் கருவியோடு குன்றைச் சுற்றும் அந்நியர் என்றால் முதலில் வரும் நினைப்பு கல்குவாரி. மேலூர் வட்டாரம் கிரானைட் குவாரிகளால் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பிறகும், டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பகுதியைத் தொட்டது. மக்கள் போராடி 2025 ஜனவரியில் அது ரத்தானது. அப்படிப்பட்ட ஊரில் உங்கள் டிரில் சத்தம் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மூன்று நான்கு பயணத்துக்கு டிரில்லைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

அந்த 100 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? மலைத்தேனீ எந்த மடிப்பில் அடை கட்டியிருக்கிறது என்ற தகவல். நம் நாட்டுப் பாறைகளில் கயிறு அறுந்து சாவதைவிட, கயிற்றில் தொங்கும்போது தேனீ கொட்டுவது நிஜமான பயம். கீழே இறங்க இரண்டு நிமிடம் ஆகும், கூட்டம் முப்பது நொடியில் சூழ்ந்துவிடும். அடுத்து, வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு கண். அதற்கும் மேல், யாராவது விழுந்து கால் உடைந்தால் 108 வண்டி தார்ச்சாலை வரைதான் வரும். அங்கிருந்து பாறை வரை கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரப் போவது அந்த ஊர் இளைஞர்கள்தான்.

ஆனாலும் முறை வேண்டும். வழியில் மறிக்கும் நான்கு பேரிடம் கொடுத்தால் அடுத்த வாரம் வேறு நான்கு பேர் மறிப்பார்கள். ஊராட்சித் தலைவரையோ ஊர்ப் பெரியவரையோ முன்னதாகப் போய்ப் பாருங்கள். தலைக்கு இவ்வளவு என்பதைவிட வண்டிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எட்டுப் பேர் ஒரே வேனில் வந்தால் செலவு குறையும், சாலையோரமும் அடைபடாது. அமெரிக்காவின் கென்டக்கியில் மியூர் பள்ளத்தாக்கு முழுக்க ஏறுபவர்களுக்காகவே ஒரு தம்பதி உருவாக்கி, 2015-இல் நண்பர்கள் அமைப்பு ஒன்றுக்குத் தானமாகக் கொடுத்த இடம். அங்கேயும் வசூலிப்பது வண்டி நிறுத்தக் கட்டணம்தான். மதியச் சாப்பாட்டை ஊரிலேயே ஒரு வீட்டில் சொல்லிவைப்பது, ஓர் இளைஞரைக் காவலுக்கும் வழிகாட்டவும் நாள் கூலிக்கு வைப்பது இரண்டும் கட்டணத்தைவிட மேலான கட்டணம். உச்சியில் கோயில் இருந்தால் பௌர்ணமி, கார்த்திகை, ஆடி வெள்ளி நாட்களைத் தவிருங்கள். சன்னதிக்கு நேர் மேலே காலணியோடு நிற்பது எந்த ஊரிலும் பொறுக்க மாட்டார்கள்.

பட்டா நிலத்துக்காரர் காசு கேட்டால் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவருக்கும் ஒரு தயக்கம் இருக்கும்: காசு வாங்கிவிட்டு யாராவது செத்துப்போனால்? இந்தத் தயக்கம் எங்கேயும் உண்டு. அமெரிக்க மாநிலங்களில், இலவசமாக விளையாட விடும் நில உரிமையாளரை வழக்கிலிருந்து காக்கும் சட்டங்கள் இருக்கின்றன. கட்டணம் வாங்கினால் பெரும்பாலும் அந்தக் காப்பு போய்விடும், அதனாலேயே சிலர் வாங்குவதில்லை. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. எனவே அவர் விற்பது வழியும் இடமும் மட்டுமே, பாறையின் பாதுகாப்புக்கு அவர் பொறுப்பல்ல என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அது அவருக்கு நிம்மதி, உங்களுக்கு அடுத்த முறையும் கதவு திறக்கும்.

வழிகாட்டி சொல்லும் மொத்தத் தொகையை உடைத்துக் கேளுங்கள். வனத்துறைக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, கருவி வாடகை எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு? கூலி கேட்பதில் தப்பே இல்லை. அதை ‘அனுமதிக் கட்டணம்’ என்ற பெயருக்குள் ஒளித்தால்தான் தப்பு. அனுமதிக் கட்டணம் என்றால் ரசீது நகல் வேண்டும். கூலி என்றால் அது சேவை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று உங்களிடம் கையெழுத்து வாங்கினாலும் அவருடைய கவனக்குறைவு மறைந்துவிடாது.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது போல்ட்டைப் பற்றி. வாசலில் கட்டிய எந்தக் கட்டணமும் கல்லில் இருக்கும் போல்ட்டுக்குப் போவதில்லை. “காசு கொடுத்தோம், பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்” என்று நம்பித் தொங்குகிறார்களே, அது எனக்கு மிகவும் கவலை தருகிறது. 20 மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் எட்டு போல்ட், மேலே கயிற்றைத் தாங்கும் முனையான ஆங்கருக்கு இரண்டு, ஆகப் பத்து. அதைப் போட்டவர் தன் காசில், தன் ஞாயிற்றுக்கிழமையில் போட்டிருப்பார். பத்தாண்டு கழித்து அவர் வேறு ஊருக்கே போயிருக்கலாம்.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 959-படி ஒரு போல்ட் பக்கவாட்டு இழுப்பில் 25 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன் தாங்க வேண்டும். அது புதிதாக, சரியாகப் போட்டபோது. துளையில் தூள் தங்கியிருந்தால் விரியும் வகை போல்ட் கல்லைப் பிடிக்காது, பசை வகை ஒட்டாது. துளைபோட்டதும் தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊத வேண்டும் என்பது அதனால்தான். ஏறும்போது பாருங்கள்: போல்ட்டில் மாட்டிய தகடான ஹேங்கர் விரலால் சுற்றுகிறதா, போல்ட்டின் கீழே கல்லில் செம்பழுப்புக் கோடு வடிந்திருக்கிறதா, ஹேங்கர் பளபளப்பாகவும் போல்ட் துருவாகவும் இருக்கிறதா? கடைசியில் சொன்னது இரண்டு உலோகம் கலந்ததன் அடையாளம். துத்தநாகம் பூசிய போல்ட்டில் துருப்பிடிக்காத எஃகு ஹேங்கரை மாட்டினால் போல்ட்தான் அரிபடும். தயாரிப்பாளர் முத்திரையே இல்லாமல் பட்டறையில் வெட்டி வளைத்த தகடு என்றால் அதில் தொங்காதீர்கள்.

காசிமேட்டில் படகு வேலை தெரிந்தவர்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று விளக்க வேண்டாம். கடலோரப் பாறையில் துருப்பிடிக்காத எஃகுக்கும் அதே கதிதான். மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே முடி போல விரிசல் ஓடியிருக்கும், கைக்குத் தெரியாமல் இருந்து ஒருநாள் உடையும். தாய்லாந்தின் ராய்லே கடற்பாறைகளில் இப்படி உடைந்துதான் டைட்டானியம் போல்ட்டுக்கு மாறினார்கள். கடற்காற்றுப் படும் எந்தக் கல்லிலும் பழைய போல்ட்டை நம்பாதீர்கள்.

எனவே இரண்டு கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒன்று. போல்ட்டுக்கென்று உங்களுக்குள் இன்னொன்று: பயணத்துக்குத் தலைக்கு 50 ரூபாய் தனி உண்டியலில். எட்டுப் பேர் மாதம் இரண்டு முறை போனால் ஆண்டுக்கு 9,600 ரூபாய் சேரும். அந்தப் பாறையில் போல்ட் மாற்றும் பழக்கமுள்ளவர்களைத் தேடி அதைக் கொடுங்கள், நீங்களாக மாற்றக் கிளம்பாதீர்கள். காசில்லாத கட்டணம் ஒன்றும் உண்டு. மேல் ஆங்கரின் வளையத்தில் நேரடியாகக் கயிற்றை விட்டு எட்டுப் பேரும் மாறி மாறி இறங்கினால், கயிற்றில் ஒட்டிய மணல் அரம் போல வளையத்தைத் தேய்க்கும். உங்கள் ஸ்லிங்கும் (நாடா வளையம்) பூட்டுள்ள இரண்டு கேரபினரும் (கொக்கி) போட்டு நாள் முழுக்க அதில் ஓடவிடுங்கள். கடைசி ஆள் மட்டும் வளையத்தில் மாற்றிக்கொண்டு இறங்கட்டும்.

கட்டணமே இல்லாத இடம்தான் நல்லது என்றும் எண்ண வேண்டாம். ஹம்பியில் எத்தனையோ ஆண்டுகள் கற்களில் யாரும் காசு கேட்கவில்லை. ஏறுபவர்கள் தங்கியதெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் விருபாபுரகட்டே விடுதிகளில். உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் விதிமீறிக் கட்டியவை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னதும் அவை இடிக்கப்பட்டன. கல் அப்படியே இருக்கிறது, அதை ஒட்டி வாழ்ந்த ஏற்பாடு போய்விட்டது. ஏறுபவர்கள் சார்பில் பேச ஓர் அமைப்பு, ஓர் ஒப்பந்தம், ஒரு ரசீதுப் புத்தகம் எதுவும் இல்லாத இடத்தில் கதவு அடைபட்டால் தட்டக்கூட ஆளிருக்காது.

முதல் பயணத்துக்குப் பட்டா நிலப் பாறை ஒன்றைப் பிடியுங்கள். போவதற்குப் பத்து நாள் முன்பு இருவர் மட்டும் நேரில் போய், கீழ்க்கண்டபடி ஒரு கடிதம் கொடுங்கள்:

“ஐயா, வணக்கம். தங்கள் புல எண் ____ நிலத்தின் வழியாகப் பாறைக்குச் சென்று ____ தேதி காலை 6 முதல் மாலை 4 வரை கயிற்றின் உதவியுடன் ஏறிப் பழக அனுமதி கோருகிறோம். மொத்தம் 8 பேர், ஒரு வண்டி. கல்லைத் துளைக்கவோ உடைக்கவோ மாட்டோம், தீ மூட்ட மாட்டோம், பயிரில் நடக்க மாட்டோம், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வோம். வண்டி நிறுத்தவும் வழிக்கும் ____ ரூபாய் தருகிறோம். எங்களுக்கு ஏற்படும் காயத்துக்கு நாங்களே பொறுப்பு. தாங்கள் பொறுப்பாளர் அல்லர். தாங்கள் வேண்டாம் என்றால் எந்த நேரத்திலும் இறங்கிவிடுவோம்.”

எட்டுப் பேரும் கையெழுத்திட்டு, 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் கையெழுத்தும் வாங்கி, இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவரிடம் இருக்கட்டும். அவர் கையெழுத்திட்ட மற்றொன்றும் காசு கொடுத்த ரசீதும் ஒரே பிளாஸ்டிக் உறையில், கயிற்றுப் பையின் மேல் அறையில் இருக்கட்டும். யாராவது வந்து கேட்டால் கீழே நிற்பவர் எடுத்துக் காட்டலாம். ஆனால் பிலே பிடிக்கும், அதாவது ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்திருக்கும் ஆளிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் கை கயிற்றை விடக் கூடாது.